அண்டாவில் ஊற்றிய கேஸ்

1989 மார்ச் 8, புதன்

இன்று இரண்டு ஃபிரிட்ஜ், ஒரு தண்ணீர் மோட்டார். நான் ஃபிரிட்ஜ் திருத்துகிறவன், மோட்டார் என் வேலையில்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? "கரண்ட்ல ஓடுறதுதானே நானா" என்று கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மத்தியானம் தங்கராஜா வந்தார். பக்கத்தில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருப்பவர். பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிப்பார். வாசித்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "அலவி நானா, லண்டன்ல ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்காங்க" என்றார்.

விஷயம் இதுதான். ஃபிரிட்ஜில் அடைக்கிற கேஸ் ஆகாயத்துக்கு ஏறிப்போய் அங்கே ஓசோன் என்று ஒரு படலம் இருக்கிறதாம், அதை அரிக்கிறதாம். வெயிலில் கலந்து வருகிற கெட்ட கதிரை அந்தப் படலம்தான் தடுக்கிறது. அது மெலிந்துபோனால் தோலில் புற்றுநோய், கண்ணில் புரை, பயிர்பச்சைக்கும் கேடு. தென்துருவத்துக்கு மேலே ஏற்கெனவே பெரிய ஓட்டை விழுந்துவிட்டதாம். அதற்குத்தான் மகாநாடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் இந்தக் கேஸோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். அது காற்றைவிடப் பாரம். திறந்துவிட்டால் தரையோடு தவழுமே தவிர மேலே எழும்பாது. "பதுளை மலையில விட்டா கீழ மொனராகலைக்குத்தான் எறங்கும் தங்கராஜா, ஆகாயத்துக்கு எப்படிப் போகும்?" என்றேன். அவர் முகம் தொங்கிவிட்டது. பேப்பரை மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 9, வியாழன்

பேப்பரைத் திரும்ப வாசித்தேன். அதில் இருக்கிற நீட்டுப் பெயரும் என் சிலிண்டரில் எழுதியிருக்கிற பெயரும் ஒன்றேதான். பாரமான சாமான் கீழேதான் விழும் என்பதுகூடத் தெரியாதவர்களா லண்டனில் கூடியிருக்கிறார்கள்? இருக்காதே. அப்படியானால் எது எனக்குத் தெரியவில்லை?

மார்ச் 12, ஞாயிறு

வீட்டுக்காரி நூருல் இனாயாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பெரிய அண்டாவை எடுத்துக்கொண்டு போய்க் கடையின் பின்னறையில் வைத்தேன். உள்ளே செங்கல், செங்கலின் மேல் மெழுகுதிரி. விளிம்பில் குழாயைப் பிடித்து மெதுவாகக் கேஸைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் திரி தானாக அணைந்தது. யாரும் ஊதவில்லை. அறையெல்லாம் மூக்கைக் குத்துகிற ஒரு நெடி. பார்த்தீர்களா, அண்டாவுக்குள் தண்ணீர் மாதிரி நிரம்பி நிற்கிறது, மேலே போகவில்லை - தங்கராஜாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று துள்ளினேன். அவர் கடை பூட்டியிருந்தது. பின்னேரத் தொழுகை, அஸர் தொழப் பள்ளிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் இனாயா அண்டாவைத் தேடிக்கொண்டு வந்து நிற்கிறாள். "கஞ்சி காய்ச்சுற அண்டாவுல என்னத்த ஊத்தி வெச்சிருக்கீங்க?" என்றாள். கேஸ் என்றேன். எங்கே என்றாள். கண்ணுக்குத் தெரியாது, இப்போது பார் என்று நெருப்புக்குச்சி கிழித்து உள்ளே விட்டேன். குச்சி அணையாமல் நன்றாக எரிந்தது. அடிவரை கொண்டு போனேன். அங்கேயும் எரிந்தது.

"அண்டாவுக்கு ஓட்டையா?" என்று கேட்டாள். ஓட்டை இல்லை. அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று தரம் சாம்பல் போட்டு விளக்கினாள்.

மார்ச் 14, செவ்வாய்

இன்று தகர வாளியில் செய்தேன். சன்னல், கதவு எல்லாம் அடைத்து, இடுக்கில் சாக்குத் திணித்து. காற்று அசைய வழியில்லை. பின்னேரம் பார்த்தால் அதே கதைதான் - கேஸ் இல்லை. பாரமான சாமான், ஓட்டையில்லாத வாளி, எங்கே போனது?

கலந்துபோயிருக்கிறது. வேறென்ன? பிளேன்டீயில் போட்ட சீனி முதலில் அடியில்தான் கிடக்கிறது. கரைந்த பிறகு கோப்பை முழுக்கத்தானே இனிக்கிறது, எவ்வளவு நேரம் வைத்தாலும் திரும்ப அடிக்கு இறங்குவதில்லையே. மூடின அறையிலேயே இப்படியென்றால் வெளியில்? கீழ்நாட்டில் இலுக்குப் புல் எரித்தால் சாம்பல் அப்புத்தளை ஸ்டேஷனில் நிற்கிறவன் சட்டையில் வந்து படிகிறது. அத்தனை உயரம் அதைத் தூக்கி வந்தது யார்? காற்றுத்தானே. கேஸை மட்டும் விட்டுவிடுமா?

மொனராகலைக்கு இறங்கும் என்று நான் எவ்வளவு திடமாகச் சொன்னேன். தங்கராஜா முகத்தில் எப்படி முழிப்பது?

மார்ச் 15, புதன்

முழித்தேன். "சொன்னேனா இல்லையா" என்று இருபது தரம் சொன்னார். பிறகு பேப்பரின் மிச்சத்தையும் விளங்கப்படுத்தினார். கீழே இந்தக் கேஸை ஒன்றும் செய்ய முடியாது. எரியாது, அழுகாது, மழை கழுவாது. அதனால்தானே நாங்கள் அதை விரும்புகிறோம். அப்படியே ஏறி ஏறி, கடும் வெயில் படுகிற உயரத்துக்குப் போன பிறகுதான் உடைகிறது. உடைந்தால் அதிலிருந்து குளோரின் கழலும். ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோனைச் சிதைத்த பிறகும் தான் சும்மா இருப்பதில்லை. கேஸ் உடைய நூறு வருடம்கூட ஆகலாமாம்.

நூறு வருடம். நான் தொழில் பழகிய முதல் நாள் திறந்துவிட்ட கேஸ் இன்னும் எங்கேயோ மேலே திரிந்துகொண்டிருக்கிறது. எனக்குப் பிறகும் திரியும். ஏனோ தெரியவில்லை, பயமாக இருந்தது.

மார்ச் 29, புதன்

நோன்பு வருகிறது, ஊரில் எல்லா ஃபிரிட்ஜ் பெட்டியும் என் வாசலில். இன்று புஹாரி மச்சானின் ஐஸ்கிரீம் பெட்டி. இனாயாவின் நானா, கூடப்பிறந்த மூத்தவர், பலூடாக் கடை வைத்திருக்கிறார். பழைய கேஸை வெளியே விடுவது, புதுக் கேஸை ஓட்டிக் குழாயைக் கழுவுவது, அதையும் விடுவது, பிறகு நிரப்புவது. இதுதான் முறை. எல்லா மெக்கானிக்கும் இப்படித்தான். கழுவும்போது 'ஸ்ஸ்' என்று போகிற சத்தம் இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கை நின்றது. மச்சான், "என்ன யோசனை, நீங்க முடிக்கிறதுக்குள்ள நோன்பே முடிஞ்சிடும் போல" என்றார். வேறு வழி தெரியாமல் கழுவித்தான் கொடுத்தேன்.

மே 20, சனி

ஹாலிஎலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே மிட்வைஃப் சரஸ்வதி. தடுப்பூசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் திரும்பவும் கேஸ் குறைந்திருக்கிறது. "வருசா வருசம் ஊத்துறீங்க, அது எங்கதான் போகுது நானா?" என்று கேட்டார். மேலே போகிறது என்றேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டார். எங்கே கசிகிறது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்த கேஸை ஊற்றிவிட்டு வந்தேன்.

ஜூன் 21, புதன்

பஸ் இல்லை, ரயில் இல்லை. கடை திறக்கக் கூடாதென்று கிளர்ச்சிக்காரர் ஒட்டிய நோட்டீஸ் சுவரில். திறக்காவிட்டால் அரசாங்க ஆமிக்காரன் வந்து பூட்டை உடைப்பானாம். எந்தப் பக்கம் இருந்தாலும் அடிதான். கொழும்பிலிருந்து வர வேண்டிய சிலிண்டரும் வரவில்லை. என்னிடம் இருப்பது வெறும் சிலிண்டர். கடைசிக் கேஸில் கொஞ்சத்தை அண்டாவிலும் வாளியிலும் ஊற்றி விளையாடியவன் நான்தான்.

ஜூன் 22, வியாழன்

காலையில் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் நடந்தே வந்தான். சரஸ்வதி அனுப்பிய செய்தி: ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. மேல் லயத்து வீடுகளில் இரண்டு பிள்ளைகளுக்குச் சின்னமுத்து, அதுதான் தட்டம்மை, போட்டிருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு ஊசி போட மருந்து பஸ் நிற்குமுன்பே வந்திருக்கிறது, ஆனால் வேலைக்கு ஆள்கூட்டுகிற பெரட்டைக் கலைக்காமல் எல்லாத் தாய்மாரையும் கூட்ட சனிக்கிழமைதான் முடியும். மருந்தை ஐஸ் கட்டியோடு ஒரு பெட்டியில் அடைத்து வைத்திருக்கிறார். நாளை பின்னேரம் வரைதான் தாங்கும். இது கெட்டால் வேறு மருந்து ரோட்டுத் திறந்த பிறகுதான்.

போன வருடம் அந்த லயத்தில் ஒரு பிள்ளை சின்னமுத்தில் மவுத்தாகி அதைப் புதைத்தது எனக்குத் தெரியும். கேஸ் இல்லையே. எங்கே போவேன்? ஊரில் இருக்கிற மற்ற மெக்கானிக்கிடமும் இல்லை. அவனும் கழுவியே தீர்த்தவன்தான்.

தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இனாயா கேட்டாள், "எல்லாத்துலயும்தான் ஊத்தி வெச்சிருக்கீங்களே, எதுலயாவது இருந்து திரும்ப எடுக்க ஏலாதா?"

எடுக்கிறதா? யாரும் எடுத்ததில்லை. குழாயை வெட்டிவிடத்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் ஏன் முடியாது? இந்தக் கேஸ் எப்போதும் குளிரான பக்கத்துக்குப் போய்த்தான் தண்ணீராகும். முழு ஃபிரிட்ஜும் ஓடுகிறதே அந்த ஒரு குணத்தில்தான். வெறும் சிலிண்டரை ஐஸுக்குள் புதைத்தால் அதுவே இழுத்துக்கொள்ளாதா?

எந்தப் பெட்டியிலிருந்து? பெரியது, கேஸ் நிறைய உள்ளது, சும்மா கிடப்பது - புஹாரி மச்சானின் பெட்டி.

இருவரும் மச்சானின் கடைக்குப் பின்பக்கமாகப் போனோம். மச்சான் துள்ளினார். "என்ட பெட்டிக்கு உசிர எடுத்து அவங்க பெட்டிக்குக் குடுக்கப் போறீங்களா? நாளைக்கே கடை தொறக்கச் சொன்னா நான் என்னத்த விக்கிறது?" நான் வாயைத் திறக்குமுன் இனாயா சொன்னாள்: "நானா, ஒங்கட பெட்டிக்குள்ள இப்ப இருக்கிறது நாலு ஐஸ்பழம். அங்க இருக்கிறது ஊசி மருந்து." மச்சான் பெட்டி மூடியைத் திறந்து அந்த நாலையும் பார்த்தார். பிறகு, "புதுக் கேஸ் வந்தா மொத ஆள் நான்தான், சொல்லிட்டேன்" என்றார்.

மீன் லொறி வராததால் ஊரில் ஐஸ் கிடையாது. அதனால் மச்சானின் பெட்டியிலேயே தண்ணீர் வைத்திருக்கிறோம். விடியும்போது உறைந்துவிடும். தன் கேஸை இழுக்கிற ஐஸைத் தானே செய்கிறது, பாவம்.

ஜூன் 23, வெள்ளி

சரிவந்தது. ஐஸை உடைத்து உப்புப் போட்டு வாளியில் சிலிண்டரைப் புதைத்தேன். பெட்டியை நிறுத்திக் குழாயைத் துளைத்து வால்வு மாட்டினேன். மச்சான் வெந்நீர் ஊற்றிப் பெட்டிப் பக்கத்தைச் சூடாக்கினார். 'ஸ்ஸ்' என்ற சத்தம் இந்தத் தடவை சிலிண்டருக்குள்ளே போனது. முழுவதும் வரவில்லை. ஆனால் கடைத் தராசில் வைத்தபோது டிஸ்பென்சரிக்குப் போதும் என்று தெரிந்தது. மச்சான் பெருமையில் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்தார்.

சிலிண்டரைச் சாக்கில் போட்டு ரயில் பாதையில் நடந்தேன். ஹாலிஎலைக்கு இந்தப் பக்கம் ஆமிக்காரர் மறித்தார்கள். சாக்கில் இரும்புச் சிலிண்டர். என்னவென்று நினைப்பார்கள்? துவக்கை நீட்டி, வைத்துவிட்டு எட்டி நில் என்றார்கள். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் மறந்துபோனது. ஃபிரிட்ஜ், பிள்ளைகள், ஊசி என்று உளறினேன். திறந்து காட்டு என்றான் ஒரு பொடியன் வயதுக்காரன். திறந்தால் கேஸ் போகும். திறக்காவிட்டால் நான் போவேன். அவனையே விரலை நீட்டச் சொல்லி அதன் மேல் வால்வை மயிரிழை திறந்து மூடினேன். அவன் நகத்தில் வெள்ளையாக உறைபனி. அவன் விரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சிரித்தான். போ என்றான். வளைவு திரும்பும் வரை தண்டவாளத்துச் சிலிப்பர்கட்டைகளை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

டிஸ்பென்சரியில் முதலில் கசிவைத் தேடினேன். இந்தக் கேஸும் போய்விட்டால் இழுக்க வேறு பெட்டி இல்லை. ஃபிரிட்ஜைப் புரட்டிப் போட்டு விரலால் தடவினேன். பின்பக்க மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் கசியும். சுரண்டி, சூடுகாட்டி அடைத்தேன். அதன் கம்ப்ரஸரையே ஓட்டி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு, மச்சானின் கேஸைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்தகடு பனி பிடித்தது. சரஸ்வதி மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஐஸ் கட்டி பாதிதான் கரைந்திருந்தது. "போதும் நானா" என்று சொல்லிவிட்டு அழுதார்.

இரவு அங்கேயே தங்கல்.

ஜூன் 24, சனி

மேல் லயத்துத் தாய்மார் எல்லோரும் வந்தார்கள். ஒரு பிள்ளை ஊசிக்கு அழுதபடி என் சட்டையைக் கிழித்துவிட்டது.

செப்டம்பர் 9, சனி

புதுச் சிலிண்டர் வந்துவிட்டது. மூன்று. சொன்னபடி முதலில் மச்சானுக்கு. "இந்தப் பெட்டிதான் புள்ளைகளக் காப்பாத்தினது" என்று பலூடா குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். டிஸ்பென்சரி ஃபிரிட்ஜ் இன்னும் கேஸ் கேட்கவில்லை. நானும் இப்போது எந்தப் பெட்டிக் கேஸையும் வெளியே விடுவதில்லை, ஐஸில் இழுத்துத்தான் எடுக்கிறேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

பண்டாரவளையிலிருந்து ஒருவர் வேன் வண்டியில் பெரிய ஃபிரிட்ஜ் ஏற்றி வந்தார். கம்ப்ரஸர் இறுகிவிட்டது, மாற்ற வேண்டும். பழைய கேஸை எடுக்க ஐஸ் வேண்டும், நாளைக்குத்தான் முடியும் என்றேன். "கொழாய வெட்டிவிட்டா ஒரு நிமிச வேலதானே. மத்த ஆளுங்க அப்படித்தானே செய்றாங்க" என்றார். உண்மைதான். சிலிண்டர்கள் மூலையில் நிறைந்து நிற்கின்றன. இப்போது யாருக்கும் தட்டுப்பாடில்லை. வெட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள்? கத்தரி கையில்தான் இருந்தது.

முடியாது என்றேன். அவர் பெட்டியைத் திரும்ப வேனில் ஏற்றிக்கொண்டு மற்றக் கடைக்குப் போனார். பெரிய வேலை. கைவிட்டுப் போனது. தங்கராஜா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க ஒருத்தர் புடிச்சு வெச்சா அந்த ஓட்டை அடைஞ்சிடுமா நானா?" என்றார். அடையாது என்றேன். எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்தபோது, வேனில் பெட்டி வந்தது கேள்விப்பட்ட இனாயா நாளைக்காக ஐஸ் தட்டுகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "விடு, அந்த ஆள் போய்ட்டாரு" என்றேன். அவள் கடைசித் தட்டையும் நிரப்பி உள்ளே வைத்து, "அப்ப வேற ஆள் வருவாங்க" என்று ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினாள்.