டிரைவர் பயந்த விசில்

என் கோபக்காரிக்கு,

இன்று ஒரு கூத்து நடந்தது. 'போகலாம்' என்று நான் விசில் கொடுத்தால், டிரைவர் அண்ணன் சடாரென்று பிரேக் போட்டுவிட்டார்.

"போலீஸ்காரன் ஊதுறான்னு நெனச்சுட்டேன்டா. நீயா ஊதினே?"

பஸ்ஸே சிரித்தது. இத்தனை நாளும் என் விசில் பாதியிலேயே இருமலாகிவிடும் என்பது உனக்குத் தெரியாததா? இந்தக் கண்டக்டருக்கு எழுபது வயது நுரையீரல் என்று சொன்ன அதே ஆஸ்பத்திரிக் குழாயில் நேற்று மறுபடி ஊதினேன். அளவு ஏறியதும் நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்து, "விட்டது விட்டதாவே இருக்கட்டும்" என்றார்.

பாப்பாவுக்கு அங்கே மூச்சிரைப்பு குறைந்திருக்கும். உன் அம்மா வீட்டில் பீடிப் புகை கிடையாதே.

வரும்போது ஒரு தீப்பெட்டி வாங்கி வா. அந்தப் பெட்டிக்கடைப் பக்கமே நான் போவதில்லை. அடுப்புப் பற்றவைக்க வீட்டில் ஒரு குச்சிகூட இல்லை.

உன் விசில்காரன்