ஒரு சாண் கொடுக்கு

உத்தமபாளையம்
10.2.1999

அன்புள்ள மச்சானுக்கு, ரெஹானாவின் ஸலாம்.

நானும் மாமியும் நலம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பெருநாளும் போய்விட்டது. "எல்லாரும் வந்துட்டாக, ஓம் புருசன் எங்க ஆத்தா?" என்று பக்கத்து வீட்டு ஜக்கம்மா அக்கா கேட்கிறார்.

வைகை அணையில் பிடித்து, கண்ணாடித் தொட்டியில் மீன்களோடு விட்டுப் போனீர்களே ஓர் இறால், அதுவும் என்னைப் போலத்தான். பொழுது சாய்ந்தால் கண்ணாடி ஓரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கிறது. நேற்று ஒரு மீனைக் கொடுக்கால் பிடித்துத் தின்றுவிட்டது. "இதோட கொடுக்கு ஒரு சாண் வளர்றதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லித்தானே சவூதித் தம்மாமுக்குப் போனீர்கள்? இப்போது நாலு விரல். ஞாபகம் இருக்கட்டும்.

குழாய்த் தண்ணீர் மருந்து வாடை அடிக்கிறது. அதனால் செம்புக் குடத்தில் ஊறிய தண்ணீரை இன்று முதல் ஊற்றப்போகிறேன். நமக்கு நல்லதென்றால் அதற்கும் நல்லதுதானே.

உங்கள்
ரெஹானா

தம்மாம்
26.2.1999

அன்பு ரெஹானா,

செம்புத் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதே! என் அறைத் தோழன் குஞ்ஞுமோன் ஆலப்புழைக்காரன், ஊரில் இறால் பண்ணையில் வேலை பார்த்தவன். கொஞ்சு என்பான் இறாலை. செம்பு அதற்கு விஷமாம். மீன்கூடத் தாங்கிவிடும், இது தாங்காதாம். பிளாஸ்டிக் வாளியில் ஒரு நாள் வைத்து ஊற்று.

லீவு கேட்டேன். ஏசி வேலைக்கு வெயில் காலம்தான் சீசன் என்று சூப்பர்வைசர் சிரிக்கிறார். என்ன செய்ய? இறால் இன்னும் ஒரு சாண் ஆகவில்லையே, கோபித்துக்கொள்ளாதே.

நத்தர்ஷா

உத்தமபாளையம்
20.3.1999

அன்புள்ள மச்சானுக்கு,

செம்புக் குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டேன். இறால் நன்றாக இருக்கிறது. கொடுக்கு ஆறு விரல் ஆகிவிட்டது! இந்த வேகத்தில் ஆடி பிறப்பதற்குள் ஒரு சாண் ஆகிவிடும். டிக்கெட்டைப் பாருங்கள்.

மாமி உங்களுக்கு ஏதோ எழுத வேண்டும் என்றார். நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ரெஹானா

தம்மாம்
12.4.1999

அன்பு ரெஹானா,

ஒரு மாதத்தில் இரண்டு விரலா? குஞ்ஞுமோன் நம்ப மாட்டேன் என்கிறான். அப்படியானால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டிருக்குமாம், கொடுக்கோடு முழுசாக. செத்த இறால் மாதிரியே கிடக்குமாம். பார்த்துப் பயந்துபோனாயா? எழுதவே இல்லையே.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டித் தருகிறார்கள். ஜூனுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

நத்தர்ஷா

உத்தமபாளையம்
2.5.1999

மச்சானுக்கு,

ஓடும் இல்லை, ஒன்றும் இல்லை. தொட்டி சுத்தமாக இருக்கிறது. இன்று அளந்தேன். பத்து விரல்! ஒரு சாணுக்கு இன்னும் இரண்டு விரல்தான் பாக்கி. கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ரெஹானா

தம்மாம்
20.5.1999

ரெஹானா,

ஓட்டைக் கழற்றாமல் எந்த இறாலும் வளராது. செத்துவிட்டதா?

உள்ளதைச் சொல்கிறேன். புரிந்ததும் முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இறாலே இல்லை, அப்புறம் என்ன வாக்கு என்று ஒப்பந்தத்தை எடுத்தேன். பேனா மூடியையும் திறந்துவிட்டேன். பிறகு உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். பத்து விரல் என்று எதை வைத்து அளந்தாய்?

வெட்கமாகப் போய்விட்டது. கையெழுத்துப் போடவில்லை. ஜூன் 24 கொச்சியில் இறங்கி, குமுளி வழியாக வருகிறேன். மறைக்காமல் பதில் எழுது.

உன்
நத்தர்ஷா

உத்தமபாளையம்
5.6.1999

அன்புள்ள என் மச்சானுக்கு,

செத்துவிட்டது. பிப்ரவரி 11. குடத்துத் தண்ணீரை ஊற்றிய மறுநாள் காலையில் மல்லாந்து கிடந்தது. முருங்கை மரத்தடியில் புதைத்தேன். "ஊற்றாதே" என்ற உங்கள் கடிதம் வரும்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. அது இல்லை என்று தெரிந்தால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று பயந்தேன்.

எதை வைத்து அளந்தாய் என்று கேட்டீர்கள். அது நடந்த கண்ணாடியில் தினமும் என் கையை வைத்துப் பார்ப்பேன், நீங்கள் வர இன்னும் எத்தனை விரல் என்று. மாமி பார்த்துவிட்டு, "கிறுக்கச்சி, உள்ளத எழுதித் தொலையேன்" என்றார்.

குமுளி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதுங்கள், ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன். அந்தக் குஞ்ஞுமோனுக்கு என் ஸலாம் சொல்லுங்கள். வரும்போது இறால் மட்டும் கொண்டுவர வேண்டாம்.

உங்கள்
ரெஹானா