ஜெயாவிடம் பூனை ஏன் கத்தவில்லை

புத்தூர்
12-7-1954

அன்புள்ள அக்கா அலர்மேல்மங்கைக்கு, அம்மா செங்கம்மா சொன்னதன் பேரில் உன் தங்கை மனோரமா எழுதுவது. இங்கே அம்மா, நைனா, நான், உன் மகள் ஜெயா நால்வரும் பெருமாள் தயவில் சுகம். புதுத் தலைநகரம் என்று வீடு கிடைக்காமல் கர்னூல் வெயிலில் கூடாரத்தில் குடியிருக்கும் நீயும் மாமாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அம்மை இறங்கிய பிள்ளையைக் கூடாரத்தில் வைத்திருக்க வேண்டாமென்று நீ இங்கே விட்டுப் போனாயே, அன்று முதல் அவள் கூப்பிட்டால் வருவதில்லை. உங்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு, அதனால் நம் தமிழ் விளங்கவில்லை என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு வெங்கடம்மாவைத் தெலுங்கில் கூப்பிடச் சொன்னோம், அதற்கும் திரும்பவில்லை. பிடிவாதம் என்று நைனா ஒரு நாள் முதுகில் ஒன்று வைத்துவிட்டார். நம் வீட்டுச் சாம்பல் பூனை ஆளுக்கு ஒரு விதமாகப் பேசும் அக்கா. அம்மா உடனே திரும்புவாள் என்று அவளிடம் ஒரு சின்னக் குரல்தான். நைனா சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார் என்று அவரிடம் நீளமாகக் கத்தும். ஜெயாவிடமும் முதல் நாலு நாள் கத்திப் பார்த்தது. பிறகு அவளிடம் மட்டும் வாயே திறப்பதில்லை. சுற்றிக்கொண்டு அவள் எதிரே போய், முழங்காலில் காலை வைத்து, முகத்தைப் பார்க்கும். அவளும் சோற்றைக் கொடுப்பாள். கத்திப் பயனில்லை என்று அதற்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லையே அக்கா. பூனையைப் பார்த்துத் தோன்றியது என்று சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு நாள் தள்ளி அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா ஜெயாவின் பின்னால் நின்று பித்தளைத் தட்டைக் கீழே போட்டாள். பிள்ளை அசையவில்லை.

நைனா, "பூன சொல்லிச்சின்னு ஆஸ்பத்திரிக்குப் போறதா?" என்றார். வெங்கடம்மா, "ஏம்மே மனோ, பள்ளிக்கூடத்த வுட்டுட்டு பூனைகிட்ட படிச்சிக்கினு கீறியா?" என்று சிரித்தாள். ஆனாலும் மறுநாளே நைனாதான் ஜெயாவைத் தூக்கிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினார். அம்மைக்குப் பிறகு இரண்டு காதிலும் சீழ் கட்டியிருக்கிறது, இன்னும் விட்டிருந்தால் கேட்கும் சக்தியே போயிருக்கும் என்றார் டாக்டர். எட்டு நாள் ஊசி போட்டார்கள். இப்போது வலது காது நன்றாகக் கேட்கிறது. இடது காதைப் பற்றி ஒரு மாதம் போய்த்தான் சொல்ல முடியுமாம். நீ அழாதே அக்கா. ஒரு காது மிஞ்சியதே என்று அம்மா திருச்சானூர் போய்த் தாயார் சந்நிதியில் விழுந்து கும்பிட்டாள். பிள்ளையை அடித்த அதே கையால் நைனா இப்போது தன் தட்டுத் தயிர்ச்சோற்றில் முதல் பிடியைப் பூனைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார். வெங்கடம்மாவும் பால் கொண்டுவந்து ஊற்றினாள்.

நீயும் மாமாவும் நூறு வருஷம் சேர்ந்து வாழவேண்டும் என்று அம்மாவும் நைனாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். ஆடியில் வரும்போது, இத்தனை நாள் பார்க்காத ஆசையில் பின்னாலிருந்து ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிவிடாதே, பயந்துவிடுவாள். எதிரே வந்து உட்கார். அவள் உன் முகத்தைப் பார்க்கட்டும். பிறகு கூப்பிடு.

இப்படிக்கு,
அம்மா செங்கம்மாவுக்காக
மனோரமா