நெருப்பு வேணும்னா நடந்து வா

அடியே,

இன்று விடியற்காலையில் மறுபடியும் சுவரைத் தட்டினாய். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. கம்பளிக்குள் சுருண்டு கிடந்த நான், "வர்றேன்டி, உசுர வாங்காத" என்று சொல்லி எழுந்து உட்கார்ந்த பிறகுதான் முழுதாக விழித்தேன். உன் வீட்டில் இப்போது யாரும் இல்லை. புரட்டாசியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். இந்த வருஷத்தின் முதல் பனி. வாசல் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெளுத்திருந்தது. ஒரு காலடிகூட அதில் இல்லை. உன் கதவுப் பூட்டின் மேலும் பனி படிந்திருந்தது. நீ போன பிறகு எத்தனையோ பனி மாசம் இந்தத் தட்டலைக் கேட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் இப்படிப் பயந்ததில்லை. இந்த வருஷம் ஏன் பயம் என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது உனக்குக் கடுதாசி எழுதித் தந்தவள் நான்தானே. இப்போது உனக்கே எழுதுகிறேன்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் ஒட்டிய நம் லயத்தில், நம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் உனக்கு மறந்திருக்காது. கூரை வரை எட்டாத அரைச்சுவர். உன் வீட்டுக் கருவாட்டு வாசமும் என் வீட்டுச் சண்டையும் அதன் மேலே தாராளமாகப் போய் வரும். மார்கழி பிறந்ததும் இஞ்சி தட்டும் கல்லை எடுத்து அந்தச் சுவரில் தட்டத் தொடங்குவாய். நான் திருப்பித் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் நேராக உள்ளே வந்து கம்பளியை உருவுவாய். வெட்கம் மானம் எதுவும் உனக்குக் கிடையாது. என் வீட்டுக்காரர் பாயோடு புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார், பாவம்.

பேர் பதியும் பெரட்டுக் களத்துக்கு மற்றவர்களுக்கு முன்பே லயத்துப் பெண்கள் எங்களையெல்லாம் இழுத்துப் போய் வட்டமாக நிறுத்திக் கும்மி கொட்ட வைப்பாய். தலையில் கம்பளி, நனையாமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, விறைத்த கால். அதோடு கும்மி! "குந்துனா குளிரு நம்மளத் தின்னுரும். ஆடுனா நாம அதத் தின்னலாம். ஆடுங்கடி!" என்று கத்துவாய். ஒருநாள் கங்காணி, "ஆடுறதுக்கா பெரட்டுக்கு வந்தீங்க?" என்று அதட்டினார். "நீங்களும் ஒரு சுத்து வாங்க கங்காணி, பல்லு கிடுகிடுங்குதே" என்றாய். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் போய்விட்டார். கொழுந்து பறிக்கப் போகும்போது நம் விரல்கள் மட்டும் சூடாக இருக்கும்.

அந்த மார்கழியை எழுதாமல் தாண்டிப் போக முடியவில்லை. ஐப்பசியில் பிறந்த என் மகள் நெஞ்சில் சளி கட்டிப் பனியில் போய்விட்டாள். புதைத்துவிட்டு வந்து அடுப்பின் முன் குந்தியவள்தான், எழுந்திருக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு நெருப்பைப் பார்த்தபடியே கிடந்தேன். சோறு வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். காலை நீட்டினால் உயிர் போனது. தோட்டத்து டாக்டர் ஐயா வந்து பார்த்தார். "நடக்க வையுங்க. இப்படியே இருந்தா காலு மடங்கிப் போயிரும், அப்புறம் என்னாலயும் ஒண்ணும் செய்ய முடியாது" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். கால் மடங்கினால் மடங்கட்டும், எனக்கென்ன என்றிருந்தேன்.

நீ தட்டினாய். நான் திருப்பித் தட்டவில்லை. ஒரு சட்டியோடு உள்ளே வந்தாய். ஆறுதல் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீயோ என் அடுப்பிலிருந்த தணலை ஒரு கங்கு மிச்சம் வைக்காமல் அள்ளிக்கொண்டாய்.

"ஏன்டி பாவி, என்னா பண்ற?"

"நெருப்பு வேணும்னா எங்க வீட்டுக்கு நடந்து வா."

லயத்தில் நெருப்புக் கேட்டு அடுத்த வீட்டுக்குப் போவது நமக்குப் புதிதா என்ன? நெருப்பை எடுத்துக்கொண்டு போய் வைத்துக்கொள்வது உன் ஒருத்தியின் கண்டுபிடிப்பு. அன்று சுவரைப் பிடித்துப் பிடித்து உன் வாசலுக்கு வந்தேன். மறுநாள் தணல் சட்டியை லயத்தின் கடைசி வீட்டில் கொண்டுபோய் வைத்தாய். அதற்கும் மறுநாள் பெரட்டுக் களத்தில். வழியெல்லாம் உன்னையும் உன்னைப் பெற்றவளையும் திட்டிக்கொண்டே வந்தேன். வந்ததும் என் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தாய். குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டிக் கல்லாகிப் போன மார்பு. கையைத் தூக்கினால் கத்தியால் அறுப்பது போலிருந்தது. "கொட்டுடி" என்றாய். கொட்டினேன். பால் ரவிக்கையை நனைத்து வழிந்தது. அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். நீங்கள் யாரும் கும்மியை நிறுத்தவில்லை. அதற்காக இன்றைக்கும் உங்களை எல்லாம் கும்பிடுகிறேன்.

பிறகு உன் நெஞ்சில் இருமல் ஏறியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோதும் வாய் மட்டும் அடங்கவில்லை. "நா இல்லேன்னா நீ மறுபடி அடுப்புகிட்ட குந்திருவ. எனக்குத் தெரியும்."

"குந்துவேன். அப்படித்தான் குந்துவேன். வந்து எழுப்பிக்க" என்றேன்.

சிரித்தாய், இருமினாய். "வருவேன்டி" என்றாய்.

தை மாசம் உன்னைத் தேயிலைக்குள் புதைத்தோம். அடுத்த விடியலில் சுவரில் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. உன் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இருட்டோடு இருட்டாகத் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? பதில் தட்டாவிட்டால் நீ உள்ளே வந்துவிடுவாய். அந்த நினைப்பில் திருப்பித் தட்டிவிட்டு, எழுந்து பெரட்டுக்கு ஓடினேன். அன்று முதல் ஒவ்வொரு பனி மாசமும் இப்படித்தான். என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். பூசாரியிடம் கயிறு மந்திரித்துக் கட்டலாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். கட்டினால் நீ வராமல் போய்விட்டால்?

இந்தப் புரட்டாசியில் அண்ணன் அக்கரைக்கு, இந்தியாவுக்கே போய்விட்டார், தன் தம்பி குடும்பத்தோடு. தலவாக்கலை ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். என் முகம் பார்த்துப் பேசியே அறியாத மனிதர், துணியில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தார். உன் இஞ்சிக் கல்.

"இத நீங்க வச்சுக்கங்க தங்கச்சி. பனி மாசத்துல தட்டச் சொல்லிட்டுப் போனா. நீங்க திருப்பித் தட்டுற வரைக்கும் நிறுத்தக்கூடாதுன்னு சொன்னா."

"அப்ப இத்தன வருஷமும் நீங்களாண்ணே?"

"ஆமாங்க. ஒங்க தட்டு கேட்டப்புறந்தான் ஸ்டோருக்குப் போவேன். அது கேக்காட்டி எனக்கும் எந்திரிக்கத் தோணாது." சொல்லிவிட்டு ரயிலில் ஏறிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கல்லைத் தண்டவாளத்தில் வீசியிருப்பேன். செத்தும் என்னை ஏமாற்றினாயே! வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதேன். இனித் தட்டல் கிடையாது, இனி நீ நிஜமாகவே இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது சொல், இன்று தட்டியது யார்? அண்ணன் கடலுக்கு அப்பால் இருக்கிறார். கல் என் அடுப்படியில் இருக்கிறது.

கல்லை எடுத்து உன் சுவரில் திருப்பித் தட்டினேன். அதற்குப் பிறகும் என்னால் கல்லைக் கீழே வைக்க முடியவில்லை. என் வீட்டின் மறுபக்கச் சுவருக்கு அப்பால் போன வருஷம் வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் சறுக்கி விழுந்து அவள் புருஷன் போன மாசம்தான் இறந்தான். அன்றிலிருந்து அடுப்பின் முன் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிறாள். சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன், ஆறுதலும் சொல்லிப் பார்த்தேன்.

அந்தச் சுவரில் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். இல்லை.

சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் பார்க்கப் பார்க்க அவள் அடுப்புத் தணலை ஒரு கங்கு விடாமல் அள்ளினேன். "என் நெருப்பு!" என்றாள். அவ்வளவு நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. "வேணும்னா நடந்து வா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து சட்டியை உன் சுவரோரம் வைத்தேன்.

பிறகு வாசலில் பனிப்புல் நொறுங்கியது. காலை இழுத்து இழுத்து, என்னைக் கண்டபடி திட்டிக்கொண்டே அவள் வந்துகொண்டிருந்தாள். உன் பக்கத்தில் சின்னச் சத்தம்கூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய்.