நுஸ்ரத்தின் வலப்பக்கம்

என் அன்பு மச்சாள் நுஸ்ரத்துக்கு,

உனக்கு முதலில் சலாம். நீ அடங்கியிருக்கிற மையவாடிக்கு வந்து உன் பக்கத்தில் நின்று சொல்ல ஆண்பிள்ளைகளுக்குத்தான் வழி இருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் அங்கே போவதில்லை. அதனால் எழுதுகிறேன். பேப்பரில் வந்து ஊரெல்லாம் வாசித்தாலும் செய்தி உனக்குத்தான். நான் வென்றுவிட்டேன், நுஸ்ரத்! சில்லுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வெளிநாட்டுத் தெருவில், எத்தனையோ நாட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் முடிவுக் கோட்டைத் தாண்டினேன். அதுவும் உன்னுடைய பிழையால்.

கோபிக்காதே. வாசிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரே வரிசையில் சக்கரச் சில்லுகள் பூட்டிய அந்தச் சப்பாத்தைக் கட்டாரிலிருந்து உன் கூடப்பிறந்த காக்காதான் அனுப்பினார், உனக்கொரு சோடி, எனக்கொரு சோடி. கல்முனைத் தெருவில் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் அதைப் போட்டு ஓடினால் வீடு திரும்ப முடியாது. கடற்கரையில் மணல். மிஞ்சியது சம்மாந்துறையில் உன் வாப்பாவின், என் மாமாவின், அரிசி மில். அங்கே நெல் காயப்போடுகிற சிமெந்துக் களம் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். நெல் இல்லாத நாட்களில் அது நமக்கு.

முதல் நாளே நீ சட்டம் போட்டுவிட்டாய். வலக்கால் சப்பாத்தை முதலில் மாட்டினாய். பிறகு களத்தைப் பார்த்து, "வலத்தால சுத்துவம்டி. நல்ல காரியத்த வலத்தாலதான் தொடங்கோணும், அப்பதான் பறக்கத்து" என்றாய். நானும் தலையாட்டினேன். அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் வலக்கைப் பக்கமாகவே சுற்றினோம். சிதறிக் கிடந்த நெல்மணியில் சில்லு வழுக்கி விழுந்தோம், எழும்பினோம், மறுபடியும் வலப்பக்கமாகவே ஓடினோம். உலகத்தில் மற்ற எல்லாரும் இடப்பக்கமாகச் சுற்றுகிறார்கள் என்று நமக்கு யார் சொன்னது?

கொழும்பில் நடந்த தெரிவுப் போட்டியில்தான் தெரிந்தது. வெடி வைத்ததும் எல்லாரும் இடப்பக்கம் திரும்ப, நாம் இரண்டு பேரும் வளைவில் கால் பின்னி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோமே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நீதான் முதலில் சிரித்தாய். வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஆருடி உங்கள வலத்தால சுத்தச் சொன்ன? கஃபாவச் சுத்துறதே இடக்கைப் பக்கமாத்தானே!" என்றார். உன்னை வாயடைக்க வைத்த ஒரே ஆள் உன் வாப்பாதான்.

இடப்பக்கம் பழகுவோம் என்று நாம் தொடங்கியபோதுதான் உனக்கு டெங்கு வந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ போன பிறகு மாமா களத்தின் கேற்றைப் பூட்டிவிட்டார். நெல் காயப்போட மட்டும் திறப்பார். சப்பாத்தோடு போன என்னை வாசலிலேயே நிறுத்தி, "என்னால ஏலாது புள்ள. அந்தச் சில்லுச் சத்தத்தக் கேட்டா நான் செத்திருவன்" என்றார். என் வாப்பா மோட்டார் சைக்கிளில் பின்னால் வர, விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒலுவில் பக்கத்துத் தெருவில் இடப்பக்கம் பழகினேன். ஒருவழியாக நாட்டு அணியிலும் சேர்ந்தேன். ஆனால் நம்மைப் பார்த்து ஆசைப்பட்ட சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களை அந்தத் தெருவில் விட முடியுமா? லொறிகள் வருகிற தெரு அது. அவர்களுக்கு வேண்டியது உன் களம். வெளிநாட்டுத் தொடருக்குப் புறப்படும்போது மாமாவிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"நான் வென்டுட்டு வந்தா களத்தத் திறந்து தருவீங்களா மாமா?"

"வென்டுட்டு வா, பாப்பம்" என்றார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் வெல்வேன் என்று அவர் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நினைக்கவில்லை.

தொடர் என்றால் மூன்று நாடுகளில் மூன்று ஓட்டம். தாய்வானில் முதலாவது, தாய்லாந்தில் இரண்டாவது. இரண்டிலும் என்னைத் தேட வேண்டுமானால் கடைசியிலிருந்து தேடுவதுதான் சுகம். வளைவுக்கு வளைவு என்னைத் தாண்டிப் போனார்கள். சின்ன வயதிலிருந்தே இடப்பக்கம் சுற்றிய கால்களுக்கு முன்னால் என் கால் என்ன செய்யும்? அறைக்கு வந்து உன்னை நன்றாகத் திட்டினேன். கேட்டதா?

மூன்றாவது மலேசியாவில், ஒரு கடற்கரைப் பட்டணம். முதல் நாள் பின்னேரம் எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்தார்கள். தெருவில் ஒரு துண்டைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள், அதனால் பாதையை அடுத்த பக்கத் தெருக்களால் மாற்றிவிட்டோம், நாளைக்கு எல்லா வளைவும் வலக்கைப் பக்கம். மண்டபம் முழுக்க முணுமுணுப்பு. ஒருத்தி தலையில் கையை வைத்துக்கொண்டாள். நான் சிரித்தேன், நுஸ்ரத். அடக்க முடியவில்லை. எங்களைக் கூட்டிப்போன கொழும்பு அக்கா பயந்துபோய், தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, "நங்கி, உனக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். எனக்கு இதைவிடச் சுகம் எப்போது இருந்தது?

அடுத்த நாள் வலக்கால் சப்பாத்தை முதலில் மாட்டினேன். பிஸ்மி சொல்லி நின்றேன். நேர்த் தெருவில் அவர்கள் என்னைவிட வேகம்தான், அதை மறைக்க மாட்டேன். கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். ஆனால் மீன் சந்தைப் பக்கம் ஒரு முடக்கு இருந்தது, தெரு அப்படியே வலப்பக்கம் மடிந்து போகும். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் காலைத் தூக்கப் பயந்து, வேகத்தைக் குறைத்து, இரண்டு காலிலும் வழுக்கித் திரும்பினார்கள். இடக்காலை வலக்காலுக்கு மேலால் தாண்டிப் போட அவர்களுக்கு வரவில்லை. நமக்கோ அது ஒன்றுதான் வரும். நெல்மணி மேலேயே அதைச் செய்தவர்கள் நாம்.

ஆனாலும் நான் அவசரப்படவில்லை. நானா இது என்று கேட்பாய். கடைசிச் சுற்று வரை வாலிலேயே கிடந்தேன். கடைசி முடக்கில் முன்னால் போனவர்கள் வேகத்தைக் குறைத்தபோது, உன் சத்தம் எனக்குக் கேட்டது. "காலத் தூக்குடி! பயப்புடாத!" களத்தில் கத்துவாயே, அதே கத்தல். தூக்கினேன். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. உள்பக்கத்தால் நுழைந்து வெளியே வந்தபோது எனக்கு முன்னால் வெறும் தெருதான் இருந்தது. பின்னால் சில்லுகளின் இரைச்சல் நெருங்கி நெருங்கி வந்தது. கோட்டில் ஒருத்தி என் தோளுக்கு வந்துவிட்டாள். வலக்காலை நீட்டினேன். அந்தச் சப்பாத்தின் முன் சில்லுதான் முதலில் தாண்டியது.

தொடரின் மொத்தப் புள்ளியில் நான் எங்கேயோ பின்னால்தான். அதைக் கேட்டு என்னை நக்கலடிக்காதே. அந்த ஓட்டம் என்னுடையது, நம்முடையது, அதை யாராலும் பறிக்க முடியாது. கழுத்தில் பதக்கத்தோடு தெருவோரத்தில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் பாதி, நீ இல்லாத ஆத்திரத்தில் பாதி.

அங்கிருந்தே மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"வென்டுட்டன் மாமா."

"எந்தக் கைப்பக்கமா திரும்பின?" என்று கேட்டார்.

"வலக்கைப் பக்கம் மாமா. நுஸ்ரத் சொன்ன பக்கம்."

போனை வைத்துவிட்டார். திறப்பாரா, மாட்டாரா? விமானம் முழுக்க அதே யோசனைதான்.

கல்முனையில் வெடி கொளுத்தினார்கள், ஓட்டோக்காரர்கள் ஹோர்ன் அடித்தே காதைக் கிழித்தார்கள், உம்மா வருகிறவர்களுக்கெல்லாம் வட்டிலப்பம் வெட்டிக் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் மாமா மட்டும் இல்லை. மனம் கேட்காமல் பின்னேரமே வாப்பாவோடு சம்மாந்துறைக்குப் போனேன்.

கேற் விரியத் திறந்து கிடந்தது. அறுவடைக் காலம், மில்லுக்கு ஒவ்வொரு சாண் இடமும் தேவை. அப்படியிருந்தும் நெல்லையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, களத்தில் பாதியை வெறுமையாக விட்டிருந்தார். தானே தும்புத்தடியால் ஒரு மணி நெல் மிஞ்சாமல் கூட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "எங்க மத்தப் புள்ளயள்? கூட்டி வரல்லியா?" என்றார். அவர் முகத்தில் வழிந்தது வியர்வையா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த நாளே கூட்டிப்போனேன். சப்பாத்து இரண்டு சோடிதான், உன்னுடையதும் என்னுடையதும், மாறி மாறிப் போட்டுக்கொண்டார்கள். நான் முறைப்படி இடப்பக்கம் சுற்றக் காட்டிக்கொடுத்தேன். மாமா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு எழும்பி வந்து, களம் அதிரக் கத்தினார்:

"அந்தப் பக்கம் போதும்! இனி என்ட மகள்ட பக்கமாச் சுத்துங்க!"

பிள்ளைகள் எல்லாரும் வலப்பக்கம் திரும்பினார்கள், நுஸ்ரத்.

உனக்கு வாக்குத் தருகிறேன். அந்தக் களத்தில் பழகுகிற எந்தப் பிள்ளையும் உன் பக்கம் சுற்றாமல் வீட்டுக்குப் போகாது. உன் சப்பாத்தின் சில்லுகள் துருப்பிடிக்க நான் விடமாட்டேன். உனக்காக என் துஆ எப்போதும் உண்டு.

உன் மாமி மகள்,
உன்னோடு விழுந்து எழும்பிய மச்சாள்,
ஹப்ஸா