பத்து என்று கட்டிய ஒன்பது

புதூர்
புரட்டாசி 10

அன்பு மகள் பிரேமாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை பாலகணேஷும் புனேயில் அதேபோல இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். முந்தாநாள்கூட போனில் பேசினோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதோடு, ஆஸ்பத்திரியில் ஒரு தவறு நடந்தால் எத்தனை மணிக்கு, என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்று அழாமல் மழுப்பாமல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். போன வாரம் நான் அப்படி ஒன்று எழுதிக் கொடுத்தேன். அதே கையோடு உனக்கும் எழுதிவிடுகிறேன்.

முதலில் வீட்டு விவரம். மழை இன்னும் இல்லை. அப்பா புழுதியிலேயே மக்காச்சோளம் விதைத்துவிட்டு தினமும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, மாத்திரை சாப்பிடச் சொன்னால் நீ ஆஸ்பத்திரிக்குப் போய்க் கெட்டுப்போனாய் என்கிறார். நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது, அவசரமில்லை.

இனி என் விஷயம். வெளியூர் நர்சுகள் வந்து ஆறு மாதம் இருந்துவிட்டு மதுரைக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள் என்றுதான் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் கோவில்பட்டி சமுதாயக் கல்லூரியோடு பேசி, உள்ளூர்க்காரர்களுக்கே இந்த ஒரு வருட நர்ஸ் உதவியாளர் படிப்பை ஆரம்பித்தார்கள். மூன்று நாள் கல்லூரியில் பாடம், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் பழக்கம், தேறினால் அங்கேயே வேலை. நாற்பத்து நாலு வயதில் என்ன வெட்கம் என்று என்னை விரட்டி, போனிலேயே ஃபாரம் நிரப்பியவள் நீதான். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்கள், மெஷின் வந்ததும் வெளியே வந்தவர்கள். ஆபீசில் டப்பியில் குச்சி அடைக்கும்போது யாரும் எண்ணுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு பிடி எடுத்தால் ஒரு டப்பி. பதினெட்டு வருடம் என் பிடி தப்பியதில்லை, தப்பியது என்று யாரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ரத்தம் ஒற்றும் துணித் துண்டுகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, டிரம்மில் அடுக்கி, கிருமி சாக ஆவியில் அவிப்பதற்கு அனுப்ப வேண்டும். மற்றவர்கள் வாய்விட்டு எண்ணிக் கட்டுவார்கள். தீப்பெட்டி ஆபீஸ்காரிகள் நாங்கள் பிடித்துப் பார்த்துக் கட்டிவிடுவோம். தியேட்டர் நர்ஸ் சுகுணா சிஸ்டர், சுப்புத்தாயக்கா கை மெஷின்லா என்பார். எனக்கு அதில் பெருமை. பெருமை இல்லாமலா, பிரேமா, உன் அம்மாவை வேறு எங்கே யார் மெச்சினார்கள்?

போன புதன்கிழமை காலை கோமதியம்மாள் என்று பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்து அம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். நான் திங்கட்கிழமை கட்டிவைத்த டிரம்மிலிருந்து ஒரே ஒரு கட்டுப் பிரித்தார்கள். பிரித்ததும் எண்ண வேண்டும் என்பது சட்டம். சுகுணா சிஸ்டர் அது நான் கட்டியது என்று தெரிந்து எண்ணாமல் விட்டுவிட்டார். முடியும்போது எண்ணினால் ஒன்பதுதான் இருக்கிறது. குப்பைக்கூடை, தரை, விரிப்பு எல்லாம் தேடிவிட்டார்கள். வெகுநேரம் தேடி, கிடைக்காமல், தையல் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் துணி எக்ஸ்ரேயில் தெரியாத வகை. அதனால் மாலை ஆறு மணிக்கு வயிற்றை மறுபடி திறந்து பார்ப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். மூன்று மணிக்கு நான் வார்டில் தண்ணீர் மாற்றப் போனபோது அந்த அம்மாளின் வீட்டுக்காரர் கருத்தையா கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில்தான ஒண்ணு போட்டேன், திரும்ப எதுக்கு என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் எனக்கு என் கை ஞாபகம் வந்தது. குச்சி நசுங்காது, துணி நசுங்கும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிடிக்குத் தெரியாது.

சுகுணா சிஸ்டரிடம் போய் டிரம்மைத் திறக்கச் சொன்னேன். தொறந்தா மிச்சத்தையெல்லாம் திரும்ப அவிக்கணும்லா, என்ன பேசுதீங்க என்றார். நான் ஒரு கட்டுகூட எண்ணிக் கட்டல சிஸ்டர் என்றேன். அவர் உடனே டிரம்மை இறக்கித் திறந்தார். நான் வாங்கியது நூறு துண்டு உள்ள சீல் வைத்த பாக்கெட், மீதி ஒன்பது கட்டு டிரம்மில் இருந்தது. தொண்ணூறு இருந்தால் என் கட்டு சரி, அப்படியானால் துணி அந்த அம்மாளின் வயிற்றில் இருக்கிறது. தொண்ணூற்றொன்று இருந்தால் அவளுக்கு ஒன்றுமில்லை, என் படிப்பு போனது. மூன்று வாரத்தில் முடிகிற படிப்பு. தொண்ணூற்றொன்று வரவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டேதான் எண்ணினேன், இது நிஜம். ஏழாவது கட்டில் பதினொன்று இருந்தது. டாக்டர் வந்து அவர் கையாலேயே இரண்டு தடவை எண்ணினார். தொண்ணூற்றொன்று. ஆறு மணி ஆபரேஷன் இல்லை என்று ஆனது. கருத்தையாவிடமிருந்து காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஏட்டி, நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போவுது என்றார். அந்த அம்மாளுக்கு வயிற்றை இரண்டாம் தடவை கிழித்திருப்பார்களே என்றேன். அவர் எழுந்துபோய் அவராகவே எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார், நான் குடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து பானு மேடமும் ஆஸ்பத்திரிக்காரர்களும் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இவள் வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். பானு மேடம், எண்ணாமல் கட்டுகிற பழக்கத்தை ஒரு வருடமாகக் கவனிக்காதது கல்லூரி, ஆஸ்பத்திரி என்று நம் இரண்டு பக்கத்துத் தவறும்தான் என்றார். கடைசியில் என்னை வெளியே அனுப்பவில்லை. ஆனால் இந்த வகுப்போடு எனக்குச் சான்றிதழ் கிடையாது, இன்னும் மூன்று மாதம் அதே இடத்தில் பழக வேண்டும், வேலையும் அதற்குப் பிறகுதான். சுகுணா சிஸ்டருக்கு எச்சரிக்கைக் கடிதம். இனிமேல் ஒவ்வொரு கட்டையும் இரண்டு பேர் எண்ணிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற தீப்பெட்டி ஆபீஸ்காரிகள் கட்டியதையும் பிரித்துப் பார்த்தார்கள், மூன்று பேர் கட்டுகளில் கூடவும் குறையவும் இருந்தது. அதில் பேபியும் ஒருத்தி. ஒன்னால எங்க எல்லார் கைக்கும் கெட்ட பேரு என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்குள் பேசிவிடுவாள் என்று நினைக்கிறேன்.

கோமதியம்மாள் நேற்று வீட்டுக்குப் போனாள். போகுமுன் நான் காய்ச்சல் பார்க்கும்போது, யாரும்மா அந்தக் கணக்க விட்டது என்று கேட்டாள். நான்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, நீதானா, சரி, அந்த வெந்நிய எடுத்துக் குடு என்றாள். கொடுத்தேன். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பதினாலாம் தேதி சான்றிதழ் விழாவில் அம்மா மேடையேறுவதைப் பார்க்க வேண்டும் என்று நீ லீவு போட்டு டிக்கெட் எடுத்திருக்கிறாய். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எல்லாம் சொல்லியிருப்பாய், உன் வாய் எனக்குத் தெரியும். டிக்கெட்டை ரத்துசெய் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதி வரும்போது மனசு மாறிவிட்டது. நீ வா. என் பெயரை வாசிக்க மாட்டார்கள். மற்றவர்கள் ஏறுவார்கள், நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பேன். போகாமல் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை, தனியாக உட்காரவும் தைரியம் இல்லை. என் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், பிரேமா.

மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். வேளைக்குச் சாப்பிடுங்கள், ரயிலில் வரும்போது சங்கிலியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள். குலசாமி உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும், நீங்கள் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
மா. சுப்புத்தாய்

மொத்தம் நாலு தாள் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை எண்ணினேன், அப்பாவையும் எண்ணச் சொன்னேன். உறையைப் பிரித்ததும் நீயும் எண்ணிவிடு.