மாப்பிள்ளை மாட்டின ஸ்பீக்கர்

ஞாயிறு, ராத்திரி.

மாப்பிள்ளை ஆசையாப் புது ஸ்பீக்கர் ரெண்டு வாங்கிட்டு வந்து என் வால்வு ஆம்ப்ளிஃபயர்ல மாட்டினார். முழுசாத் திருகியும் கொசு முனகுத மாதிரிதான் கேட்டுச்சு.

"ஆம்ப்ளிஃபயர் செத்துப்போச்சு மாமா. காலையில பழைய இரும்புக் கடையில போட்டுட்டு வேற வாங்கித் தாரேன்"ங்காரு.

செத்துச்சாம்! அது நாலு வாட்டு செட்டு. அவர் வாங்கின சின்னப் பெட்டி சத்தம் போட அம்பது வாட்டு கேக்கும். என் பழைய பெரிய பெட்டியில மாட்டினா அதே நாலு வாட்டு தெருமுனை வரைக்கும் பாடும். ஊரையே கேலி பண்ணுத வாய், மாப்பிள்ளை முன்னால ஒட்டிக்கிடுச்சு.

"மாட்டிக் காட்ட வேண்டியதுதான?"ன்னா வீட்டுக்காரி.

"புருசன் சொன்னது தப்புன்னு ஆனா மக மொகம் வாடிருமே ஏட்டி."

"ஆம்ப்ளிஃபயர் போனா ஒம்ம மொகம் மட்டும் மலருமாக்கும்?"

மலராது. காலையில மகளும் மாப்பிள்ளையும் காப்பி குடிக்க உக்காருததுக்குள்ள பெரிய பெட்டியை மாட்டிருவேன். மக மொறைச்சா மொறைக்கட்டும்.